வாய்தா கேட்டது யார்?

"அந்தக் குச்சியைத் தொட்டது யாரு? அதை மட்டும் சொல்லு. மீதியை நான் பாத்துக்கறேன்!"

"நான் தொடல அத்தான். இன்னும் எத்தனை தடவை சொல்றது?"

"அப்ப அதுவா எழுந்திரிச்சு நடந்து போய்க் கையெழுத்துப் போட்டுச்சா?"

"அதை என்கிட்ட கேட்டா? குச்சிகிட்ட கேளுங்க."

"வாயைப் பாரு! வேலையில இந்தச் சுறுசுறுப்பு இருந்தா நாம இந்தக் கதிக்கு வந்திருப்போமா?"

இந்த இடத்தில்தான் நான் வாளியோடு உள்ளே நுழைந்தேன். எங்கள் வீட்டு மோட்டார் அன்று காலை பழுதாகிவிட்டது. சரியாகச் சொன்னால், பக்கத்து வீட்டில் முதல் சத்தம் எழுந்த நிமிடத்தில் பழுதாகிவிட்டது. தண்ணீருக்கு நான் வேறு எங்கே போவது?

கூடத்தின் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தவர் முத்திரை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அதைத் தபால்காரர் மட்டும்தான் பயன்படுத்துகிறார். துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குச் சுங்க அலுவலகத்தில் கணக்குக் காட்டி, வரி கட்டி, வெளியே எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். ரப்பர் முத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்த மனிதர். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால்கூட அதன் மேல் 'பெறப்பட்டது' என்று ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் படிப்பார் என்பார்கள்.

எதிரே நின்றவர் கப்பல். முத்திரையின் மனைவிக்குத் தம்பி. சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட, "கப்பல் இப்ப எங்க நிக்குது தெரியுமா?" என்று ஆரம்பிக்கிற ஆள். அத்தானின் ஆபீசில் வேலை, அத்தான் வீட்டு மாடியறையில் ஜாகை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. முன்பெல்லாம் அவர் புரண்டு படுத்தால் கட்டில் ஆடும் சத்தம் என் சமையலறை வரை கேட்கும். கொஞ்ச காலமாகக் கேட்பதில்லை. சரிசெய்துவிட்டார் போலிருக்கிறது.

அதற்கு முந்தின வாரம்தான் இதே கூடத்தில் இனிப்புப் பெட்டி கைமாறியது. எனக்கும் இரண்டு துண்டு வந்தது. அந்த இனிப்பு தொண்டையை விட்டு இறங்குவதற்குள் இந்தக் கூச்சல்.

இனிப்பு எதற்காக என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தரை டைல்ஸ் என்று சொல்லி முத்திரையின் லைசென்ஸில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. திறந்து பார்த்தால் முன்னால் இரண்டு வரிசைதான் டைல்ஸ். பின்னால் முழுக்கச் செல்போன். சரக்குக்குச் சொந்தக்காரன் அன்றே மாயம். அவனை யாரும் நேரில் பார்த்ததில்லையாம். "போன்ல பேசினான், மெயில் அனுப்பினான், அவ்வளவுதான்" என்று கப்பல் சத்தியம் செய்தார். மாட்டிக்கொண்டது லைசென்ஸ்காரர். உங்கள் லைசென்ஸை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று முத்திரைக்கு நோட்டீஸ் வந்தது. நீல அலைக்கு மேல் இரண்டு மீன் துள்ளும் அந்த டைல்ஸின் படத்தையும் அதில் ஒட்டியிருந்தார்கள். நானும் பார்த்தேன். டைல்ஸ் அழகுதான்.

ஆனால் ரத்து செய்வதற்கும் ஒரு கெடு உண்டு. நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் விசாரணை அதிகாரி அறிக்கையை முடித்தாக வேண்டும். தாண்டினால் நடவடிக்கையே செல்லாது என்று வாதாடலாம். வாதாடிப் பலர் ஜெயித்தும் இருக்கிறார்களாம். நம்மவர் அறிக்கை ஒரு வாரம் தாண்டி வந்தது. அதற்குத்தான் இனிப்பு.

அன்று காலை, முத்திரைக்காக வாதாடும் வக்கீலம்மா போன் செய்தார். சுங்க அலுவலகத்தில் கோப்பைப் புரட்டிப் பார்த்தாராம். அறிக்கை தாமதமானதற்குக் காரணம் அதிகாரி இல்லை. "உங்க பக்கத்துல இருந்துதான் ரெண்டு வாரம் வாய்தா கேட்டிருக்கீங்க. நீங்க கேட்டு வாங்கின நாளைக் கழிச்சுட்டா, அறிக்கை கெடுவுக்குள்ள வந்துடுது."

"நாங்க எங்க வாய்தா கேட்டோம்?" என்று முத்திரை அலறியிருக்கிறார்.

"உங்க கையெழுத்து இருக்கு சார். டிஜிட்டல் கையெழுத்து."

அதாவது, குச்சி.

குச்சி என்றால் விரல் நீளத்தில் ஒரு கறுப்புச் சாமான். கம்ப்யூட்டரில் செருகி, ரகசிய எண்ணைத் தட்டினால், முத்திரையின் கையெழுத்து விழும். சுங்கத்தைப் பொறுத்தவரை அது அவரே கைப்பட இட்டது. முன்பு அது மேசை மேல் பேனா ஸ்டாண்டில் கிடக்கும். அந்த வீட்டில் யார் கை ஈரமில்லாமல் இருக்கிறதோ அவர்கள் செருகிக் கையெழுத்துப் போடுவார்கள். நோட்டீஸ் வந்த பிறகுதான் முத்திரை அதைப் பீரோவில் பூட்டினார், எண்ணையும் மாற்றினார். புது எண் தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது அவர் நம்பிக்கை.

அப்படியானால் வாய்தா கேட்டது யார்?

"நான் சொல்லட்டுமா யாருன்னு?" முத்திரை விரலை நீட்டினார். "என் லைசென்ஸ் போனா யாருக்கு லாபமோ அவன்தான்."

கப்பல் முகம் சிவந்தது. "அப்படின்னா?"

"விசிட்டிங் கார்டு அடிச்சு வெச்சிருக்கியே, உன் பேரைப் போட்டு! எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் முற்றத்துக் குழாயில் வாளியைக் கொஞ்சம் மெதுவாக நிரப்பினேன். விசிட்டிங் கார்டு விஷயம் அச்சகக்காரர் மூலம் எனக்குத் தெரிந்து, என் மூலம் தெருவுக்குத் தெரிந்ததுதான். அது முத்திரை காது வரை போய்ச் சேரும் என்று நான் நினைக்கவில்லை.

"அது பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட கொடுக்க அடிச்சது அத்தான்! சொந்தத் தொழில்னு சொன்னாத்தான் மதிக்கிறாங்க. அக்கா வீட்டுல இருக்கேன்னு சொன்னா தண்ணிகூடக் கொடுக்க மாட்டேங்கறாங்க."

பதில் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மூச்சுக்கூட விடாமல் வந்த பதில். அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

சமையலறை வாசலில் வீட்டம்மா நின்றிருந்தாள். கணவன் பக்கம் பேசினால் தம்பிக்கு ஆகாது. தம்பி பக்கம் பேசினால் கணவனுக்கு ஆகாது. அதனால் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தத் தட்டு நான் வரும்போதே காய்ந்திருந்தது.

"எதுக்கு இவ்வளவு சத்தம்?" என்றாள் கடைசியில். "வக்கீலம்மா வரட்டுமே."

"நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் புரியாது."

அவள் அதே தட்டை மறுபடி துடைத்தாள்.

*

வக்கீலம்மா மதியம் வந்தார். நான் மூன்றாவது வாளிக்கு வந்திருந்தேன். எங்கள் வீட்டுத் தொட்டி அதற்குள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அது வேறு விஷயம்.

"முதல்ல ஃபேனைப் போடுங்க" என்று உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினார். "இன்னிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள நாம ஒரு பதில் அனுப்பணும். வாய்தா கேட்டது நீங்கதானா, இல்லையா? ஒரே வரி."

"இல்லைன்னு எழுதுங்க!" முத்திரை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "நான் கேக்கவே இல்லையே. உண்மையைச் சொல்ல என்ன பயம்?"

வக்கீலம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சுரம் அடிக்கிற பிள்ளையைப் பார்ப்பது போலிருந்தது அந்தப் பார்வை.

"சார், உங்க மேல இருக்கிற பெரிய குற்றச்சாட்டு என்ன?"

"என் லைசென்ஸையும் கையெழுத்தையும் வேற ஆளுங்க பயன்படுத்த விட்டேன்னு."

"அதுக்கு நீங்க என்ன பதில் எழுதிக் கொடுத்தீங்க?"

முத்திரை தொண்டையைக் கனைத்தார். "என் கையெழுத்தை என்னைத் தவிர எவனும் போட்டதில்லைன்னு."

"இப்ப வாய்தா நான் கேக்கலைன்னு எழுதினா?"

ஜன்னலோரம் நின்றிருந்த மகள்தான் முதலில் புரிந்துகொண்டாள். அப்பாவின் ஆபீசில் உட்கார்ந்து பாதி வேலையை அவள்தான் செய்கிறாள். சுங்கத் தேர்வும் எழுதித் தேறியவள்.

"அப்பா, 'இல்லை'ன்னு எழுதினா, வேற யாரோ குச்சியைச் செருகினாங்கன்னு நாமளே ஒத்துக்கறோம். அவங்க சொல்ற குற்றமே அதுதான்."

"சரி, ஆமான்னு எழுதினா?"

"கெடு தாண்டிப் போச்சுங்கற வாதம் போச்சு."

முத்திரை நுனியிலிருந்து பின்னால் சாய்ந்தார். முப்பது வருடமாக மற்றவர்களுடைய சரக்கை வெளியே எடுத்துக் கொடுத்தவர், தன்னை வெளியே எடுக்க வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தார். சிரிக்கக் கூடாதுதான். நான் சிரிக்கவில்லை.

"எது எழுதறதா இருந்தாலும், கேட்டது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார் வக்கீலம்மா. "நாளைக்கு அங்க கூப்பிட்டுக் கேட்டா நான் முழிச்சுக்கிட்டு நிக்க முடியாது."

பையிலிருந்து ஒரு நகலை எடுத்தார். தேதியைப் படித்தார். காலை நேரம்.

"அன்னிக்குத்தானே என்னைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாப்பாட்டுக்கு வந்தாங்க!" என்றாள் மகள்.

எல்லாருக்கும் அந்த நாள் ஞாபகம் இருந்தது. எனக்கு எல்லாரையும்விட நன்றாக.

"அப்ப நான் வீட்டுலயே இல்ல!" கப்பல் துள்ளி எழுந்தார். "அவங்களைக் கூட்டிட்டு வர ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வழி தப்பி ஊரெல்லாம் சுத்தி வந்து, நீங்க என்னைத் திட்டலையா அத்தான்? மாப்பிள்ளையோட அப்பா முன்னாடியே திட்டினீங்களே!"

திட்டினார்தான். தெருமுனை வரை கேட்டது. காலையிலிருந்து கட்டி வைத்திருந்த சந்தேகம் பொலபொலவென்று உதிர்ந்தது. அதை வேறு யார் மேலாவது இறக்கி வைக்க வேண்டுமே என்று கண் அலைந்தது. ஜன்னலோரம் போய் நின்றது.

"என்னைப் பாக்காதீங்கப்பா. எனக்கு அன்னிக்குச் சங்கிலிக் கொக்கி மாட்டல. ஆன்ட்டிதான் அரை மணி நேரம் என் பின்னாடியே நின்னாங்க. கேளுங்க."

கூடம் முழுக்க என் பக்கம் திரும்பியது. வாளியைக் கீழே வைத்தேன்.

"நான்தான் மாட்டிவிட்டேன்" என்றேன். "கொக்கி வளைஞ்சிருந்தது. குழந்தை என் பார்வையை விட்டு அசையல."

சாட்சி சொல்வது இவ்வளவு திருப்தியான காரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"நான் குளிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் முத்திரை. யாரும் அவரைக் கேட்கவில்லை. "சாவி சட்டைப் பையில. சட்டை வெளியே கொக்கியில. யாரு வேணா எடுத்திருக்கலாம். ஆனா அந்த எண்? அது எப்படித் தெரியும்?"

எனக்கே தெரியும். ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டு முணுமுணுத்துக்கொண்டேதான் அவர் தட்டுவார். அவர் மேசை எங்கள் பக்கத்து ஜன்னலை ஒட்டியிருக்கிறது. இதை நான் சொல்லவில்லை, தேவையில்லாமல் எதற்கு?

"இருங்க, மனுவைப் படிக்கறேன். எழுதின விதத்துல ஏதாவது தெரியுதான்னு பாருங்க" என்று வக்கீலம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"'எதிர்பாராத குடும்பப் பொறுப்பொன்று குறுக்கிட்டுவிட்டபடியால், மேற்படி விசாரணையை இரண்டு வாரம் தள்ளிவைத்து உதவுமாறு தங்கள் சமூகத்தைப் பணிவன்புடன் வேண்டிக்கொள்ளும், தங்கள் மேலான கருணையை என்றும் மறவாத...'"

வக்கீலம்மா நிறுத்தினார். "இப்படி எழுதற ஆளை நான் பாத்தே ரொம்ப வருஷமாச்சு."

கப்பல் எழுதினால் நாலு வரியில் ஆறு தப்பு இருக்கும். மகள் மூன்று சொல்லுக்கு மேல் எழுத மாட்டாள். என் பிறந்தநாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பியவள். முத்திரைக்கோ முத்திரை குத்த மட்டும்தான் தெரியும்.

'தங்கள் சமூகத்தை.' 'மறவாத.' இந்தச் சொற்களை நான் கேட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் இந்த வீட்டுக்கு ஆபீஸ் என்று தனியாக ஒன்று கிடையாது. இதே கூடத்தில் ஒரு மேசை, மேசை மேல் ஒரு டைப்ரைட்டர். அதன் முன் உட்கார்ந்து எல்லா மனுவையும் தட்டியது ஒரே ஆள்தான். தட்டும்போது வாய்விட்டுப் படிப்பாள். தொழில் வளர்ந்து, ஆள் போட்டு, கம்ப்யூட்டர் வந்ததும், 'உனக்கு இதெல்லாம் புரியாது' ஆகிவிட்டது.

சமையலறை வாசலில் தட்டுத் துடைக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

முத்திரை மெல்லத் திரும்பினார். "ஏய்..."

"ஆமா. நான்தான்."

வீட்டம்மா தட்டைக் கீழே வைத்தாள். கை முந்தானையைத் தேடியது.

"நீயா? நீ எதுக்கு..."

"அன்னிக்கு விசாரணைன்னு நீங்க கிளம்பிட்டா, மாப்பிள்ளை வீட்டுல பொண்ணோட அப்பா எங்கன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? செல்போன் கடத்தின கேஸுல விளக்கம் சொல்லப் போயிருக்காருன்னு சொல்லவா?"

"நான் கடத்தல!"

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா? நல்ல இடம். கைநழுவிப் போயிடுமோன்னு பயந்தேன். ரெண்டு வாரம் தள்ளி வைக்கச் சொன்னா என்ன குறைஞ்சுடப் போகுதுன்னு நெனச்சேன். காலம் பூரா வாய்தா வாங்கற தொழில்தானே நமக்கு? கப்பல் லேட்டு, பேப்பர் லேட்டு, வரி கட்ட லேட்டு. எத்தனை மனு தட்டியிருக்கேன்! ஒரு தடவைகூட அதுல வம்பு வந்ததில்லையே."

"ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு, விசாரணையைத் தள்ளிட்டாங்கன்னு சொன்னியே!"

"வேற எப்படிச் சொல்றது? உங்ககிட்ட கேட்டா, உனக்குப் புரியாதும்பீங்க."

முத்திரை சாவி இருந்த சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"அந்த எண்?" என்றார்.

"முணுமுணுத்துக்கிட்டேதானே தட்டறீங்க. வாசல்ல காய் விக்கிறவருக்கே தெரியும்."

வக்கீலம்மா குனிந்து பைக்குள் எதையோ தேடினார். அவர் தோள் குலுங்கியது.

ஆனால் மகள் சிரிக்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா... அவருக்குத் தெரியும்மா."

"எவருக்கு?"

"அவருக்குத்தான். அன்னிக்குச் சாப்பிட்டு முடிச்சு, பேசட்டும்னு எங்க ரெண்டு பேரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினீங்கல்ல? அப்பவே எல்லாத்தையும் சொல்லிட்டேன். நோட்டீஸ், பெட்டி, விசாரணை, எல்லாம்."

"பாவி மகளே! என்ன சொன்னார்?"

"'உங்க அப்பா கடத்தினாரா?'ன்னு கேட்டார். இல்லைன்னேன். 'அப்ப சரி, அடுத்து என்ன பேசலாம்?'னார்."

வீட்டம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். லைசென்ஸைக் காப்பாற்றக் கிடைத்த கெடுவை எதற்காக விட்டுக்கொடுத்தாளோ, அது அன்று மதியமே தேவையில்லாமல் போயிருந்தது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாளியில்தான் நிறைய இருந்ததே.

*

"நேரமாகுது" என்றார் வக்கீலம்மா. "ஆமாவா, இல்லையா?"

"ஆமான்னே எழுதிடுங்க அத்தான்."

சொன்னது கப்பல். காலையிலிருந்து வாங்கிய ஏச்சுக்கு ஒரு மன்னிப்பையாவது எதிர்பார்த்து முறைத்துக்கொண்டிருப்பார் என்று பார்த்தால், மனிதர் அத்தானின் நாற்காலியருகே வந்து நின்றிருந்தார்.

"அக்காவை எதுக்கு இதுல இழுக்கணும்? அப்புறம் குச்சியை யாரு யாரு எப்ப எப்ப தொட்டாங்கன்னு நோண்டுவாங்க. பழசெல்லாம் கிளறுவாங்க. வேணாம் அத்தான். நீங்களே கேட்டதா எழுதிட்டா அதோட முடிஞ்சுது."

அக்கா மேல் அவருக்குப் பாசம் உண்டு. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'பழசெல்லாம்' என்று சொன்னபோது அவர் கண் அக்காவைப் பார்க்கவில்லை. வக்கீலம்மாவின் பையைப் பார்த்தது. வக்கீலம்மாவும் அவரை ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக.

"டைல்ஸ் பெட்டிக்கான பேப்பர்ல குச்சியைச் செருகினது யாரு?" என்று கேட்டார், யாரையும் குறிப்பிடாமல்.

"நான்தான்" என்றார் முத்திரை உடனே. பிறகு கொஞ்சம் யோசித்தார். "நானாத்தான் இருக்கணும். அப்பல்லாம் அது பேனா ஸ்டாண்டுல கிடந்தது. யாரு..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "நான்தான்."

மகள் எதுவோ சொல்ல வாயெடுத்து, மாமாவைப் பார்த்து, மூடிக்கொண்டாள்.

முத்திரை எழுந்து பீரோவைத் திறந்தார். குச்சியை எடுத்தார். மேசைக்குப் போகும் வழியில் மனைவி உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றார். அவள் நிமிரவில்லை. ஏதாவது சொல்வார் என்று எல்லாரும் காத்திருந்தோம். காலையிலிருந்து கொதித்த மனிதர்.

"எழுதியிருந்தது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "இப்பவும் நீயே எழுதிக் கொடு. என்னால முடியாது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மேசை முன் உட்கார்ந்தாள். 'மேற்படி வாய்தாவைக் கோரியது நானே என்பதைத் தங்கள் சமூகத்துக்குப் பணிவன்புடன்...' என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டினாள். வக்கீலம்மா, "பணிவன்பு வேணாம்மா, ஒரு வரி போதும்" என்றார். அவள் கேட்கவில்லை.

பிறகு எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள். முத்திரை குச்சியைச் செருகினார். அவர் எண்ணைத் தட்டியபோது, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, உதடு அசையவில்லை. பற்களைக் கடித்து இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். அவள் மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

கெடு என்று ஒரு கதவு இருந்தது. அதை உள்ளேயிருந்து அவர்களே சாத்திவிட்டார்கள்.

*

கல்யாணம் பேசியபடி நடந்தது. அதே மாப்பிள்ளை, அதே சங்கிலி. கொக்கியை மட்டும் மாற்றினார்கள். மகள் குடியிருப்பது இரண்டு தெரு தள்ளித்தான். தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்திருக்கிறாள். குச்சி கிடைத்ததும் அதைத் தாலியோடு கோத்துக்கொள்ளப் போவதாக மாப்பிள்ளை கேலி செய்கிறார்.

முத்திரையின் லைசென்ஸ் இன்னும் தொங்கலில் இருக்கிறது. அறிக்கைக்குப் பிறகு உத்தரவு போடவும் ஒரு கெடு இருக்கிறதாம். அது ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை அந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதற்கும் நேரம் கேட்பதில்லை. சாதம் வெந்ததா என்றால்கூட, "இதோ" என்று சொல்லப் பயப்படுகிறார்கள்.

கப்பல் ஊரைவிட்டுப் போய்விட்டார். கல்யாணப் பந்தலைப் பிரிப்பதற்கு முன்பே. வேறொரு துறைமுகத்தில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்றார். அத்தான் சந்தேகப்பட்டதில் மனசு விட்டுப்போய்விட்டது என்று வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முத்திரை ஸ்டேஷன் வரை போய், பையைத் தானே தூக்கி வைத்து, மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தாராம்.

மறுநாள் மாடியறையைக் கழுவி விடப் போவதாக அவள் சொன்னாள். தனியாள் எப்படிக் கட்டிலை நகர்த்துவாள் என்று நானும் மேலே போனேன். வாளியோடுதான்.

அவள் தலைமாட்டுப் பக்கம் பிடித்தாள். நான் கால்மாட்டுப் பக்கம். தூக்கியதும் கட்டிலின் ஒரு கால் அந்தரத்தில் ஆடியது. குட்டையான கால். அது ஆடாமல் இருக்க அடியில் எதையோ வைத்திருந்தார் கப்பல்.

டைல்ஸ். நீல அலை, அதன் மேல் இரண்டு மீன். ஒரு மூலையில் சாம்பிள் என்று அச்சடித்த சீட்டு, பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

நேரில் பார்த்ததே இல்லை, போனில்தான் பேசினான் என்று சத்தியம் செய்தாரே, அந்தச் சரக்குக்காரன் சாம்பிளையும் போன் வழியாகத்தான் அனுப்பினானோ என்னவோ.

நான் வீட்டம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலைப் பிடித்தபடியே வலது காலை மட்டும் நீட்டி, அந்த டைல்ஸை ஓசையில்லாமல் சுவரோரம் தள்ளினாள். அதன் மேல் பழைய பாயைச் சரித்தாள்.

பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாகக் கேட்டாள்:

"உங்க வீட்டு மோட்டார் சரியாயிடுச்சா?"

ஆகிவிட்டது என்றேன்.

"அப்ப சரி" என்று என் வாளியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.